சாக்பீஸுக்கு ஒரு நீதி, ஸ்டென்சிலுக்கு ஒரு நீதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

புதுச்சேரியின் நடைபாதைகளிலும் சுவர்களிலும் எழுதுவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று கோருபவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. நகரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தெருவாசி ஒருவர் எழுதிய எச்சரிக்கையையும், ஒரு வணிக நிறுவனம் அடித்துச் சென்ற விளம்பரத்தையும், வேலையற்ற நேரத்தில் யாரோ கிறுக்கிவிட்டுப் போனதையும் ஒரே குற்றமாகக் கருதித் தடை போட்டால், அந்தத் தடை நடைமுறையில் யாருடைய வாயை அடைக்கும், யாரைத் தொடாமல் விட்டுவிடும் என்பதை நெடுங்காலமாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் தொழில் பெயர்ப் பலகை எழுதுவது. கடைப் பலகை, லாரியின் பின்பலகை, கோயில் உபயப் பலகை, தேர்தல் காலத்துச் சுவர் எழுத்து எல்லாம் எழுதியிருக்கிறேன். பிளக்ஸ் வந்த பிறகு வேலை பெரிதும் குறைந்துவிட்டாலும் பிரஷ்ஷை நான் இன்னும் கீழே வைத்துவிடவில்லை.

எங்கள் பகுதியில் நடைபாதைக்கு அடியில் வாய்க்கால் ஓடுகிறது. சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, அதை மூடியிருந்த சிமென்ட் பலகை ஒன்று உடைந்து, ஒரு ஆளின் கால் முழங்கால்வரை இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. தெருவிளக்கும் அந்த இடத்தில் சரியாக எரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பள்ளத்தைச் சுற்றிச் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, இரண்டு பக்கமும் அம்புக்குறி வரைந்து, ‘மூடி இல்லை, பார்த்து நடக்கவும். பலமுறை சொல்லியாயிற்று, யாரும் வரவில்லை’ என்று எழுதி வைத்தார்கள். அதிலிருந்து நான்கடி தள்ளி, அதே நடைபாதையில், ஒரு பயிற்சி மையத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் தகரத்தில் வெட்டிய ஸ்டென்சிலை வைத்து மஞ்சள் பெயிண்ட் ஸ்பிரே அடித்து, அடுத்தடுத்து வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. இரண்டு நாள் கழித்து உரிய இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பொது இடத்தில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று அந்தப் பெண்களைக் கண்டித்துவிட்டு, வாளித் தண்ணீர் ஊற்றி, விளக்குமாற்றால் சாக்பீஸ் எழுத்தைத் தேய்த்துக் கழுவினார்கள். ஸ்டென்சில் விளம்பரத்தை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பள்ளத்துக்கு மூடி வந்து சேரப் பிறகும் பல வாரங்கள் ஆயின. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பது என்பது இதுதான். இதை அங்கே வேலை செய்த தொழிலாளர்களின் தவறு என்று நான் சொல்லமாட்டேன்; எதை அழிக்க வேண்டும், எதை விடலாம் என்பதற்குத் தெளிவான விதி எதுவும் அவர்கள் கையில் இல்லை.

அந்த விதி எப்படி இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. நடைபாதையில் இருக்கும் ஓர் எழுத்து என்ன சொல்கிறது, யாரைக் குறை சொல்கிறது என்று பார்த்து அதை அழிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கக் கூடாது. எதைக் கொண்டு எழுதப்பட்டது, நடந்துபோகிறவருக்கு அது இடைஞ்சலா, எழுதியவர் எல்லாருக்கும் சொந்தமான இடத்தைத் தம் வியாபாரத்துக்கு இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறாரா என்பவற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

எதைக் கொண்டு எழுதப்பட்டது என்பது சிறிய விஷயம் அன்று. பள்ளிக்கூட சாக்பீஸ் ஜிப்சத்தாலோ சுண்ணாம்புக் கல்லாலோ ஆனது. அது சிமென்ட் ஓட்டின் மேல் தூளாகப் படிந்திருக்குமே தவிர உள்ளே இறங்காது. நாலு பேர் மிதித்தால் மங்கும், ஒரு குடம் தண்ணீரில் போய்விடும். கோலமாவும் அப்படித்தான். எனாமல் பெயிண்ட்டோ பிசின் கலந்தது. சிமென்ட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டிப்பட்டுவிடும். பிறகு தின்னர் ஊற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் ஆசிட் ஊற்றுவார்கள், ஆசிட் சிமென்ட்டையே அரித்துவிடும். மழை பெய்த நாளில் எனாமல் அடித்த ஓட்டில் ரப்பர் செருப்பு வழுக்கும். பார்வையற்றவர்கள் கோலால் தடவி வழி அறிவதற்காகப் பதித்த மேடிட்ட மஞ்சள் ஓடுகளின் மேல் மீண்டும் மீண்டும் பெயிண்ட் அடித்தால், பார்வை மங்கியவர்கள் நம்பி நடக்கும் அந்த மஞ்சள் நிறத்தின் தெளிவும் போய்விடும்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பகுதியான ஒயிட் டவுனில் உள்ள பழைய வீடுகளின் சுவர்கள் இதைவிட மோசமாகப் பாதிக்கப்படும். அவை சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள். ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்தப் பூச்சு நிற்கும். அதன் மேல் எனாமலைப் பூசி அடைத்துவிட்டால், கடற்காற்றின் உப்போடு உள்ளே தங்கிய ஈரம் பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிக்கொண்டு வரும். விளம்பரத்தைச் சுரண்டி எடுக்கிறவர் அதனுடன் பழைய சாந்தையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட சுவரைக் கெடுத்தவரையும், மழையில் கரைந்துபோகும் நாலு வார்த்தையைத் தரையில் எழுதியவரையும் ஒரே தராசில் நிறுத்துவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் தருகிறது. 19(2) பிரிவு அவற்றுக்கு எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று வரையறுக்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். நகரத்தின் அழகு அந்தப் பட்டியலில் இல்லை. இதை வைத்துக்கொண்டு யாரும் எங்கும் எழுதலாம் என்று நான் வாதிட வரவில்லை. நடைபாதை நடப்பதற்காகவே என்பதையும், பொதுச் சொத்தைத் தனியார் தம் தேவைக்கு உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டு பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றம் 1972இல் ஆமதாபாத் வழக்கு ஒன்றில், பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் வழிகாட்டும் நெறி எதுவும் இல்லாமல் ஓர் அதிகாரியின் விருப்பத்துக்கு அதை விட்டுவிடக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. அன்று எங்கள் நடைபாதையில் வாளியும் விளக்குமாறும் எடுத்து வந்தவர்களுக்கு இல்லாமல் போனது அந்த வழிகாட்டும் நெறிதான்.

விளம்பரத்துக்கும் கருத்துரிமை உண்டா என்று கேட்டால், உண்டு. 1995இல் டாடா பிரஸ் வழக்கில் வணிகம் சார்ந்த பேச்சும் 19(1)(அ) பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே விளம்பரம் செய்யவே கூடாது என்பதில்லை. நாளிதழில் கட்டணம் செலுத்தி வெளியிடலாம், அனுமதி பெற்ற பலகையில் வாடகை கொடுத்து வைக்கலாம். அந்தக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகவே நடைபாதையில் ஸ்டென்சில் அடிக்கிறார்கள். கையால் ஒரு வாக்கியம் எழுதுகிறவர் முட்டி போட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். ஸ்டென்சில் வைத்திருப்பவருக்கு ஒரு பதிவுக்கு அரை நிமிடம் போதும், விடிவதற்குள் ஒரு சாலையையே முடித்துவிடுவார். இதில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சாக்குக்கும் இடமில்லை. செய்தவரின் தொலைபேசி எண் அதிலேயே இருக்கிறது. அழிக்கும் செலவை அந்த எண்ணுக்கு உரியவரிடம் வசூலித்தால், அடுத்த மாதமே பாதி நடைபாதை சுத்தமாகும்.

இந்தத் தந்திரம் உள்ளூர்க்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததும் அன்று. 2001இல் ஐபிஎம் நிறுவனம் லினக்ஸ் மென்பொருளை முன்னிறுத்த, அமைதிச் சின்னம், இதயம், லினக்ஸின் சின்னமான பென்குயின் ஆகிய மூன்று படங்களை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ நகரங்களின் நடைபாதைகளில் வரிசை வரிசையாகப் பதிக்க வைத்தது. எளிதில் கரையும் சாக்பீஸால் பதிப்பதாகத் திட்டம். ஆனால் பதிந்தவை கழுவியும் போகவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அந்நிறுவனம் அபராதமும் துப்புரவுச் செலவுமாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. அமைதி, அன்பு என்று படம் போட்டிருந்தாலும் அது விளம்பரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு மனிதரும் இருந்தார். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஆர்தர் ஸ்டேஸ் என்பவர், சரியாக எழுதப் படிக்கக்கூடத் தெரியாதவர், 1932 முதல் 1967இல் இறக்கும் காலம்வரை, விடியற்காலையில் எழுந்து போய் நடைபாதைகளில் ‘நித்தியம்’ என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லை அழகான கையெழுத்தில் சாக்பீஸால் எழுதிவந்தார். சுமார் ஐந்து லட்சம் முறை எழுதியிருப்பார் என்பது கணிப்பு. நடைபாதையில் எழுதுவது அங்கும் விதிமீறல்தான். காவலர்கள் அவரைப் பலமுறை பிடித்து நிறுத்தினார்கள். அவர் எதையும் விற்கவில்லை, தம் பெயரையும் எழுதவில்லை. 2000ஆம் ஆண்டுப் பிறப்பின்போது அதே நகரம், அதே சொல்லை, அவருடைய அதே கையெழுத்தில், துறைமுகப் பாலத்தின் மேல் விளக்குகளால் எழுதிக் காட்டியது.

உள்ளடக்கத்தைப் பார்த்து விதியை வளைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வாஷிங்டன் நகரம் சான்று. 2020இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான போராட்டத்தின்போது சாலைகளிலும் சுவர்களிலும் போராட்டக்காரர்கள் எழுதியவற்றின் மேல் அந்நகரம் நடவடிக்கை எடுக்கவில்லை. அதே ஆண்டு கருக்கலைப்பை எதிர்த்து நடைபாதையில் சாக்பீஸால் எழுத முனைந்த இருவரைக் கைது செய்தது. இது கருத்தைப் பார்த்துக் காட்டப்படும் பாகுபாடு என்ற அவர்களின் வாதத்துக்கு இடமுண்டு என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கருக்கலைப்பு குறித்து அந்த இருவர் சொன்னது எனக்கு உடன்பாடானது அன்று. இருந்தாலும் அவர்கள் கையிலிருந்த சாக்பீஸுக்கும் மற்றவர் கையிலிருந்த சாக்பீஸுக்கும் வேறுபாடு பார்க்கக் கூடாது என்பதே சரி. நமக்குப் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. 2019 டிசம்பர் 29ஆம் தேதி சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் கோலம் போட்டவர்களில் சிலரைக் காவல் துறையினர் பிடித்துச் சென்று பிறகு விடுவித்தார்கள். மார்கழி மாதத்தில் தமிழ்நாடு முழுவதும், புதுச்சேரி முழுவதும், தெருவை அடைத்துக் கோலம் போடப்படுகிறது. யாரையும் யாரும் பிடித்துச் செல்வதில்லை. அன்று பெசன்ட் நகரில் காவல் துறையை வரவழைத்தது கோலமாவு இல்லை, கோலத்தில் எழுதியிருந்த கருத்து.

எழுத்தின் ஆபத்து அதன் வாசகத்தில் இருப்பதாக நினைப்பவர்கள் 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் நடந்ததை நினைவுகூர வேண்டும். அனுமதி இல்லாமல் சாலையின் நடுவே கட்டப்பட்ட ஒரு பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம் பொறியாளர் மேல் விழுந்தது. நிலைதடுமாறிக் கீழே விழுந்தவர் மேல் லாரி ஏறியது. அந்தப் பேனரில் இருந்தவை யாரையும் புண்படுத்தாத திருமண வாழ்த்துச் சொற்கள்தான். புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் வரம்புக்குள்தான் இருக்கிறது. பேனர் பற்றி அந்த நீதிமன்றம் எத்தனை முறை கண்டித்திருக்கிறது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

தீர்ப்பு சொல்லக் கடினமானவையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வணிகமும் இல்லை, அரசியலும் இல்லை. ஒரு தெருவில் ஒருவர் இறந்த செய்தியை இன்றும் அதுதான் நடந்து போகிறவர்களுக்குச் சொல்கிறது. அதை ஒட்ட இடம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் தலைவரின் பிறந்த நாள் வாழ்த்து என்ற பெயரில், தலைவர் படத்தைவிடப் பெரிதாகத் தம் படத்தைப் போட்டுக் கீழே வரிசையாக ஆதரவாளர்களின் படங்களையும் அடுக்குவதை அரசியல் கருத்து என்று நான் ஏற்கமாட்டேன். அது தனிமனித விளம்பரம். அதற்கு விளம்பரத்துக்குரிய கட்டணமும் விதியும் பொருந்த வேண்டும். கட்சிச் சுவர் எழுத்தைப் பொறுத்தவரை, தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்த உடனே சுவர்கள் வெள்ளையடிக்கப்படுவதை எல்லாரும் பார்க்கிறோம். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

புதுச்சேரியில் திறந்த இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 2000ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடியான சட்டம் 1959ஆம் ஆண்டினது. தடுக்கும் சட்டம் நம்மிடம் இருக்கிறது, எழுதுவதற்கு இடம் தரும் ஏற்பாடுதான் இல்லை. இந்த ஊரின் வரலாற்றை நினைத்தால் இது வருத்தம் தருகிறது. 1908இல் பாரதியார் இங்கு வந்து ‘இந்தியா’ இதழைத் தொடர்ந்து வெளியிட முடிந்தது, ஆங்கிலேயரின் பத்திரிகைத் தடைகள் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது என்பதால்தான். 1881 ஜூலை 29ஆம் தேதியிட்ட பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் அச்சுத் தொழில் சுதந்திரமானது என்று அறிவித்தது. காலனிகளுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே விதி உண்டு. அதே சட்டம், அரசு அறிவிப்புகளுக்கென்று மேயர் தனி இடங்களை ஒதுக்க வேண்டும், அங்கே தனியார் எதையும் ஒட்டக் கூடாது என்றும் சொன்னது. சுதந்திரத்தையும் ஒழுங்கையும் ஒரே சட்டத்துக்குள் வைக்க முடிந்திருக்கிறது.

பிரான்ஸ் அதோடு நிற்கவில்லை. 1979 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின்படி, அங்கே ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும், மக்கள் தங்கள் கருத்தை எழுதி ஒட்டவும், லாப நோக்கமற்ற சங்கங்கள் தங்கள் அறிவிப்பை வைக்கவும், கட்டணம் இல்லாத பலகைகளைக் கட்டாயம் அமைக்க வேண்டும். பரப்பையும் விதியே கணக்கிட்டுத் தருகிறது: 2,000 பேருக்குக் குறைந்த ஊருக்கு 4 சதுர மீட்டர், 10,000 பேருக்கு மேற்பட்ட நகரத்துக்கு 12 சதுர மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 10,000 பேருக்கும் 5 சதுர மீட்டர். ஊருக்குள் எந்த இடத்திலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பலகையாவது இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி நகராட்சிப் பகுதியில் ஏறத்தாழ 2.4 லட்சம் பேர் இருந்தார்கள். அந்தக் கணக்கை நமக்குப் பொருத்தினால் சுமார் 130 சதுர மீட்டர், எங்கள் தொழில் கணக்கில் ஏறத்தாழ 1,400 சதுர அடி, வருகிறது. நாற்பதுக்கு இருபது அடி விளம்பரப் பலகை ஒன்றின் பரப்பே 800 சதுர அடி. ஆக, வணிகத்துக்கு விட்டிருப்பதில் இரண்டே இரண்டு பெரிய பலகைகளின் அளவுகூட வேண்டாம். அதை வார்டு வார்டாகப் பிரித்து வைத்தால், மூடி இல்லாத வாய்க்காலைப் பற்றியும், காணாமல் போன நாய்க்குட்டியைப் பற்றியும், நாளைக்கு நடக்கும் கண்டனக் கூட்டத்தைப் பற்றியும் ஊர் மக்கள் சொல்ல ஓர் இடம் கிடைத்துவிடும்.

தரையில் எழுதுவதற்கும் ஓர் இடம் வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்கள் செல்வதில்லை. அதில் ஒரு பகுதியை அந்த நேரத்தில் சாக்பீஸ் எழுத்துக்கும் கோலத்துக்கும் விட்டுவிட்டு, வாகனங்களைத் திறந்துவிடும் முன்பு, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் முழுவதையும் கழுவிவிடலாம். வெறுப்பையும் வன்முறையையும் தூண்டும் எழுத்தைக் கவனிக்க ஏற்கெனவே குற்றவியல் சட்டம் இருக்கிறது. அதற்காக மற்ற எல்லாரையும் முன்கூட்டியே சந்தேகிக்க வேண்டியதில்லை. மற்ற நடைபாதைகளில் பெயிண்ட், ஸ்டென்சில், ஒட்டும் தாள் எதுவும் கூடாது. வழிகாட்டும் ஓடுகள், சக்கர நாற்காலிச் சரிவுகள், சுண்ணாம்புச் சாந்துச் சுவர்கள் ஆகியவற்றின் மேல் சாக்பீஸும் வேண்டாம். இந்த விதியை எழுத ஒரு பக்கத் தாள் போதும். அழித்த ஒவ்வொன்றையும், அழித்த தேதியையும் காரணத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தால், சாக்பீஸை மட்டும் தேடிப் போய் அழிக்கும் வழக்கம் தானாகவே நின்றுவிடும்.

தங்கள் நாளிதழ் இதை வாசகர்கள் முன் வைத்து, அவரவர் வார்டில் இத்தகைய பலகைக்கு எந்த இடம் பொருத்தமாக இருக்கும் என்று கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன். முத்தியால்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், எல்லாரும் கடந்து போகிற, நடக்கிறவருக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து வைப்பது நல்லது. எந்த வார்டில் முதலில் பலகை வைத்தாலும், அதன் தலைப்பைக் கூலி வாங்காமல் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர்ப் பலகை ஓவியர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.